இதயக் கணக்கில் ஒரு கட்டம்

இங்கிலாந்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடமிருந்து அழைப்பு வரும், வந்து உடம்பைச் சோதித்துக்கொண்டு போங்கள் என்று. கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவிலும் அப்படித்தான். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்ப்பார், எடை பார்ப்பார், கொழுப்பு எவ்வளவு என்று அறிய ரத்தம் எடுப்பார். பிறகு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவார். க்யூரிஸ்க்3 என்று ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் இவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும். வயது, புகைப்பழக்கம், நீரிழிவு, இனம் எல்லாம் கேட்கும். ஏழைப் பகுதியா, வசதியான பகுதியா என்று கணிக்க அஞ்சல் குறியீட்டையும் கேட்கும். ஆணாக இருந்தால் இன்னொரு கட்டமும் உண்டு: விறைப்புக் குறைபாடு இருக்கிறதா, அதற்கு மருந்து எடுத்ததுண்டா?

இதயத்தைப் பற்றிய கணக்கில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை என்று நம் ஆள் நெளிவார். காரணம் இருக்கிறது. ஜூலியா ஹிப்பிஸ்லி-காக்ஸ் தலைமையிலான குழு சுமார் 79 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு இந்தக் கணக்கை உருவாக்கி 2017 இல் வெளியிட்டது. மற்ற எல்லாம் சமமாக இருக்கும் இரண்டு ஆண்களில், விறைப்புக் குறைபாடு பதிவானவருக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் என்று அந்தத் தரவு காட்டியது. அதனால் கட்டம் சேர்ந்தது.

போகிற போக்கில் ஒன்று. இதே கணக்கில் ‘இந்தியர்’ என்று குறித்தால் வெள்ளைக்காரரைவிட ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். ‘பிற ஆசியர்’ என்று குறித்தால் அநேகமாக ஏறவே ஏறாது. இலங்கைக்கென்று தனிக் கட்டம் இல்லாததால் யாழ்ப்பாணத்துக்காரர் பெரும்பாலும் ‘பிற ஆசியர்’ ஆகிவிடுகிறார். ஒரே தெருவில், ஒரே சோறும் கறியும் சாப்பிட்டு, ஒரே சர்க்கரை அளவோடு இருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் சாவகச்சேரிக்காரருக்கும் கணினி வேறு வேறு எண்ணைக் காட்டும். தரவுக்கு நம் தமிழ் ஒற்றுமையெல்லாம் தெரியாது.

கட்டத்துக்கு வருவோம். ஆண்கள் எதை அதிகம் மறைக்கிறார்களோ அதுதான் உடம்பு முழுவதையும் பற்றி அதிகம் பேசுகிறது. விறைப்பு, ஆண்மை ஹார்மோன், விந்தணு என்று எதைப் பற்றிய புகாரோடு வந்தாலும் நல்ல மருத்துவர் முதலில் வேறு எங்கோ பார்ப்பது போலத் தோன்றும். ரத்தக்குழாய், தூக்கம், இடுப்பளவு, மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் ஒரு சுரப்பி என்று அவர் விசாரணை சுற்றும்.

ரத்தக்குழாயிலிருந்து தொடங்கலாம். பிளேஸ்டோவின் நியூஹாம் பல்கலைக்கழக மருத்துவமனையை நடத்துவது பார்ட்ஸ் ஹெல்த் என்ற அமைப்பு. அதன் தாய்வீடான செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை 1123 இல் தொடங்கியது. அங்கே 1609 முதல் மருத்துவராக இருந்தவர் வில்லியம் ஹார்வி. ரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று 1628 இல் உலகுக்கு நிறுவியவர். விறைப்பு என்பதும் ரத்தத்தின் வேலைதான். ஆனால் அது நடக்கும் விதம் நாம் நினைப்பதற்கு நேர் எதிரானது. அந்த உறுப்பில் உள்ள மென்தசை இழைகள் நாள் முழுவதும் இறுகிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் அது சாதாரண நேரத்தில் தளர்ந்திருக்கிறது. தசை இளகினால்தான் ரத்தம் உள்ளே பாயும். பாய்ந்த ரத்தம் உள்ளிருக்கும் பஞ்சுத்திசுவை உப்ப வைக்கும். உப்பிய திசு, வெளியே போகும் சிரைகளை உறையோடு சேர்த்து நசுக்கி அடைத்துவிடும். வந்த ரத்தம் அங்கேயே தங்கும். பயமும் பதற்றமும் இதைக் கெடுப்பதன் காரணம் இப்போது புரியும். அட்ரினலின் தசையை இறுக்குகிற பொருள். நிரூபித்தே ஆகவேண்டும் என்று பல்லைக் கடிப்பவனுக்கு உடம்பு ஒத்துழைக்காது.

தசையை இளகச் சொல்லும் சேதியைக் கொண்டுபோவது ஒரு வாயு. நைட்ரிக் ஆக்சைடு. கார்ப் புகையில் வரும் மாசு என்றுதான் அதற்கு அதுவரை பெயர். ரத்தக்குழாயின் உட்சுவர் சுரக்கும் மர்மப் பொருள் அந்த வாயுவேதான் என்று 1987 இல் தென்கிழக்கு லண்டனின் பெக்கனமில், வெல்கம் ஆய்வகத்தில், சால்வடார் மொன்காடாவின் குழு காட்டியது. பதினோரு ஆண்டு கழித்து இந்தத் துறைக்கு நோபல் பரிசு வந்தபோது ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் என்ற மூன்று அமெரிக்கர்களுக்குப் போனது. மொன்காடா விடுபட்டது நியாயமில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நானும் அந்தக் கட்சி.

நைட்ரிக் ஆக்சைடு சுரக்க ரத்தக்குழாயின் உட்சுவர் நலமாக இருக்க வேண்டும். சர்க்கரை, புகை, கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம் நான்கும் சேர்ந்து அந்தச் சுவரைத்தான் அரிக்கின்றன. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அரிக்கின்றன. ஆனால் இதயத் தமனியின் விட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர். ஆணுறுப்பின் தமனிக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். ஒரே அளவு படிவு குறுகலான குழாயைத்தான் முதலில் அடைக்கும். மிலான் நகரில் நெஞ்சுவலியோடு வந்து இதயத் தமனி நோய் உறுதியான 300 ஆண்களை விசாரித்து 2003 இல் ஒரு ஆய்வு வெளியானது. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு விறைப்புச் சிக்கல் இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது நெஞ்சுவலிக்கு முன்பே தொடங்கியிருந்தது, சராசரியாக மூன்று ஆண்டுக்கும் மேல். மூன்று ஆண்டு முன்னறிவிப்பு தருகிற நோய்க்குறிகள் மருத்துவத்தில் அதிகம் கிடையாது. அந்த மூன்று ஆண்டையும் ஒருவர் சிட்டுக்குருவி லேகியத்தில் கழித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாமே ரத்தக்குழாய்க் கோளாறு என்று சொல்லிவிடவும் முடியாது. மனமா உடம்பா என்று பிரிக்க மருத்துவர் கேட்கும் கேள்வி எளியது: காலையில் விழிக்கும்போது எப்படி இருக்கிறது? நலமான ஆணுக்கு ஒவ்வொரு இரவும் கனவுத் தூக்கத்தின்போது மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வந்து போகும். கனவில் என்ன ஓடுகிறது என்பது பொருட்டே இல்லை. இரவில் வருவது பகலில் வராவிட்டால் குழாயும் நரம்பும் வேலை செய்கின்றன, தடை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். இதைச் சோதிக்க இன்று கருவிகள் இருக்கின்றன. 1980 வாக்கில் மருத்துவர்கள் கையாண்ட கருவி, தபால்தலை. ஒட்டியபடியே இருக்கும் தபால்தலைகளின் வரிசை ஒன்றை உறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் துளைக்கோட்டில் கிழிந்திருந்தால் தேர்ச்சி.

இந்தத் துறை வெட்கத்தைத் தாண்டி வந்த கதையில் ஒரு லண்டன்காரர் இருக்கிறார். ஜைல்ஸ் பிரிண்ட்லி, மனநல மருத்துவக் கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர். 1983 இல் லாஸ் வேகஸில் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் கூட்டத்தில் பேசப் போனார். தசையை இளக்கும் மருந்தை ஊசியால் நேரடியாகச் செலுத்தினால் காம உணர்வு எதுவுமின்றியே விறைப்பு வரும் என்பது அவர் வாதம். படங்களைக் காட்டினார். அது பார்வையாளர்களுக்குப் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, விடுதி அறையிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தவர் மேடையில் கால்சட்டையை இறக்கிக் காட்டிவிட்டார். சபையில் குடும்பத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். அலறல் எழுந்தது. ஆனால் விறைப்புக் குறைபாடு முழுக்க முழுக்க மனப்பிரச்சினை என்று பல காலம் நம்பப்பட்டு வந்த எண்ணம் அன்றைக்கு ஆட்டம் கண்டது.

மாத்திரை வந்தது இன்னும் தற்செயல். கென்ட் மாவட்டத்தின் சாண்ட்விச் ஊரில் ஃபைசர் நிறுவனம் யூகே-92480 என்று எண்ணிட்ட ஒரு மருந்தை நெஞ்சுவலிக்காக உருவாக்கியது. 1990களின் தொடக்கத்தில் வேல்ஸின் மெர்த்திர் டிட்வில்லில் நலமான ஆண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. பக்க விளைவுகளைச் சொல்லச் சொன்னபோது, தசைவலி, அஜீரணம் என்ற வரிசையில் இன்னொன்றும் தயங்கித் தயங்கி வந்தது. நைட்ரிக் ஆக்சைடு கிளப்பிவிடும் சமிக்ஞையை அழிக்கும் நொதி ஒன்று உண்டு. மருந்து அந்த நொதியைத் தடுத்திருந்தது. அந்த நொதி அதிகம் குடியிருக்கும் இடங்களில் ஒன்று ஆணுறுப்பு. 1998 மார்ச்சில் சில்டெனாஃபில், அதாவது வயாகரா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018 முதல் பிரிட்டனில் மருந்தாளுநர் சில கேள்விகள் கேட்டுவிட்டு, சீட்டில்லாமலே தரலாம்.

அந்தச் சில கேள்விகளில் ஒன்று உயிரைக் காக்கும் கேள்வி. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகள் எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். மூலிகை என்று விற்கப்பட்ட ‘ஆண்மைப் பொடி’களில் சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. ‘பக்கவிளைவு இல்லாதது’ என்று நம்பி அதை விழுங்கும் இதய நோயாளிக்கு மருந்தாளுநரின் கேள்வி கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் மாதம் ஒரு நாள் ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து, ‘நரம்புத் தளர்ச்சி, இளமையில் செய்த தவறு’ என்று சுவரொட்டி ஒட்டியவர்கள் ஒரு தலைமுறையையே பயமுறுத்தி வைத்தார்கள். விந்து போனால் உயிர்ச்சத்து போகிறது என்ற அச்சத்தோடு மெலிந்து வரும் இளைஞர்களைக் கண்ட மனநல மருத்துவர் என்.என். விக், 1960 இல் அதற்கு ‘தாது நோய்’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். அந்த இளைஞர்களுக்குத் தளர்ந்திருந்தது நரம்பு இல்லை.

*

அடுத்த விசாரணை ஹார்மோன். 1849 இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆர்னால்ட் பெர்த்தோல்ட் ஆறு சேவல்களுக்குக் காயடித்தார். சிலவற்றின் வயிற்றுக்குள் விரைகளைத் திரும்ப வைத்துத் தைத்தார். அவை வழக்கம்போலக் கூவின, கொண்டை சிவந்தது, பெட்டைகளைத் துரத்தின. நரம்புத் தொடர்பெல்லாம் அறுந்துபோன பிறகும் இது நடந்ததென்றால் சேதி ரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அந்தச் சேதி என்ன என்று அறிய இன்னும் எண்பத்தாறு ஆண்டு பிடித்தது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் ஆய்வகம் 1935 இல் சுமார் நூறு கிலோ காளை விரைகளிலிருந்து பத்து மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது. இடையில் 1889 இல், எழுபத்திரண்டு வயது பிரௌன்-செக்கார்ட் நாய், கினிப்பன்றி விரைச்சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாகப் பாரிஸில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் கரையாது. அவர் வடித்த நீர்ச்சாற்றில் அது பலன் தர முடியாத அளவு சொற்பம். கிழவருக்கு வேலை செய்தது நம்பிக்கை. லேகியத்தின் விஞ்ஞானமும் அதேதான்.

இன்று பிளேஸ்டோவில் ஒருவர் களைப்பு, ஆசைக் குறைவு என்று போனால் காலை பதினோரு மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்வார்கள். மாலையில் கொடுத்தால் கணக்கு தப்பும். டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில் ஏறி விடியலில் உச்சம் தொட்டு நாள் முழுக்க இறங்கும். சாப்பிட்டால் இன்னும் இறங்கும். ஒரே ஒரு முறை பார்த்து யாரும் முடிவு சொல்வதில்லை, இரண்டாவது முறையும் வேண்டும். பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் லிட்டருக்கு 8 நானோமோலுக்குக் கீழ் என்றால் குறைவு, 12 க்கு மேல் என்றால் போதுமானது, நடுவில் இருப்பது மங்கலான நிலம். அங்கே எண்ணைவிட ஆளைத்தான் பார்க்க வேண்டும். சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு இறங்கியது. பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, நண்பகலுக்கு மேல் கண்ணயரும் ஒருவருக்கு எந்த நேரம் ‘காலை’ என்பதை வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்லுவதில்லை. நல்ல மருத்துவர் முதலில் வேலை நேரத்தைக் கேட்பார்.

அடுத்து வயிறு. கொழுப்புத் திசுவில் ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. தொப்பை கூடக் கூட மாற்றமும் கூடும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் கணிசமானோருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறது. தெற்காசியர்களுக்கு அந்த நீரிழிவு சீக்கிரமே, மெலிந்த உடம்பிலேகூட வந்துவிடுகிறது. எடை இறங்கினால் ஹார்மோன் தானாக ஏறுவதும் உண்டு. ஆனால் ‘நடங்கள், தூங்குங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் டாக்டர் ஒன்றும் தரவில்லை என்று நம்மவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள்.

ஊசி கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்வேன், ஏனென்றால் ஜிம்முக்குப் போகும் இருபத்தைந்து வயதுப் பையன்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மூளையின் ஹைப்போதலாமஸ் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துடிப்பாக ஒரு சிறு ஹார்மோனைச் சொட்டுகிறது. சொட்டாமல் தொடர்ந்து ஒழுகினால் பலன் தலைகீழாகி எல்லாம் நின்றுவிடும். துடிப்புதான் மொழி. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணு வளர்க்கும் செல்களை ஊக்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் மூளை சொட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். மாடித் தொட்டியில் மிதவை மேலே வந்ததும் மோட்டார் நின்றுவிடுமே, அந்த ஏற்பாடு. இப்போது லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பினால் என்ன ஆகும்? மிதவை மேலேயே கிடக்கும், கிணற்று மோட்டார் ஓடவே ஓடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொள்பவரின் விரைகள் அப்படித்தான் ஓய்ந்து சுருங்குகின்றன.

விந்தணு வளர விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் உள்ளதைப்போலப் பல பத்து மடங்கு செறிவில் இருக்க வேண்டும். அந்தச் செறிவு விரை தானே சுரந்தால்தான் கிடைக்கும், ஊசியால் கிடைக்காது. இதனால் ஆண்மை ஹார்மோன் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் 271 ஆண்களுக்கு வாராவாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுப் பார்த்து 1990 இல் முடிவை வெளியிட்டது. 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அடியோடு மறைந்தது. அவர்கள் வேறு கருத்தடை எதுவும் பின்பற்றாத மாதங்களில் ஒரே ஒரு கருத்தரிப்புதான் நடந்தது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும். அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு ஆண்டும் ஆகலாம். குழந்தை வேண்டும், டெஸ்டோஸ்டிரோனும் குறைவு என்று வருபவருக்கு மருத்துவர் பிட்யூட்டரியின் வேலையைச் செய்யும் ஹார்மோன் ஊசிகளைத் தருவார், விரையே விழித்துக்கொள்ளட்டும் என்று. எந்த ஊசி என்பதை முடிவு செய்யும் முன் ‘பிள்ளை பெறும் எண்ணம் உண்டா?’ என்று கேட்காத மருத்துவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம்.

*

விந்தணுவைப் பற்றிய அறிவு வந்த பாதையும் பிளேஸ்டோ பக்கமாகச் சுற்றிப் போகிறது. ரத்த ஓட்டத்தைக் கண்ட அதே ஹார்வி, கரு எப்படி உண்டாகிறது என்று அறிய அரசர் முதலாம் சார்லஸின் வேட்டைக்காட்டு மான்களை இணைசேர்ந்த பிறகு அறுத்து அறுத்துப் பார்த்தார். கருப்பையில் விந்தின் தடயமே கிடைக்கவில்லை. தொற்றுநோய் பரவுவதுபோல, விந்து தொடாமலே தன் சக்தியைச் செலுத்துகிறது என்று 1651 இல் எழுதினார். அவ்வளவு கூர்மையான மனிதருக்குக் குறையாக இருந்தது கண்ணாடிதான். 1677 இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரி லேவன்ஹூக் தானே அரைத்த ஒற்றை வில்லையில் வால் முளைத்த உயிர்கள் நெளிவதைக் கண்டார். ஆனால் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு நுண்ணோக்கியின் வில்லைகள் ஓரத்தில் வானவில் காட்டி உருவத்தைக் கலைத்தன. விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தியிருப்பதாகப் படம் வரைந்தவர்கூட உண்டு. அந்த நிறக்கலப்பைக் கணக்குப் போட்டு ஒழித்தவர் ஒரு ஒயின் வியாபாரி, ஜோசஃப் ஜாக்சன் லிஸ்டர். 1830 இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் நுண்ணோக்கி நம்பத்தக்க கருவியானது. அவர் வீடு அப்டனில், பிளேஸ்டோவுக்குச் சற்று வடக்கே. அறுவை அரங்குக்குக் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசஃப் லிஸ்டர் அவர் மகன், அந்த வீட்டில் பிறந்தவர். இன்று கிரீன் தெருவில் சேலை எடுக்கப் போகிறவர்கள் கிட்டத்தட்ட அந்த வீடு இருந்த பக்கமாகத்தான் போகிறார்கள்.

நலமான ஆணின் உடலில் ஒவ்வொரு விநாடியும் ஆயிரத்துக்கும் மேல் விந்தணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் தொடங்கி முடிந்து வெளிவர இரண்டரை மாதம் போல ஆகும். ஆகவே இன்றைய விந்துப் பரிசோதனை முடிவில், பத்து வாரத்துக்கு முன்பு வந்து போன வைரஸ் காய்ச்சல் இருக்கலாம். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சிக்காகத்தான். உள்ளே ஒரு கட்டும் காவலும் உண்டு. விந்தணு உருவாவது பருவம் எய்திய பிறகு. உடலின் எதிர்ப்புப் படையோ சிறுவயதிலேயே யார் நம்மவர், யார் அந்நியர் என்று படித்து முடித்துவிடுகிறது. பின்னால் வந்த விந்தணுவை அது அந்நியன் என்று தாக்கிவிடக்கூடும். அதனால் விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னி, ரத்தமும் விந்தணுவும் சந்திக்காதபடி சுவர் எழுப்பி வைத்திருக்கின்றன. சொந்த வீட்டிலேயே தலைமறைவு வாழ்க்கை.

பரிசோதனைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு இருக்கிறது. 2021 இல் வந்த ஆறாம் பதிப்பின்படி மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. இயல்பான வடிவம் வேண்டியது வெறும் நான்கு விழுக்காடு. ‘தொண்ணூற்றாறு விழுக்காடு கோணல்’ என்ற அறிக்கையைப் பார்த்துக் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. அது தேர்ச்சி மதிப்பெண். இந்த எல்லைகளும் தகப்பனாவதா இல்லையா என்று பிரிக்கும் கோடு இல்லை. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசைப்படுத்தி, அவர்களில் கடைசி ஐந்து விழுக்காட்டினர் எங்கே நின்றார்களோ அங்கே போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே நின்றவர்களும் தகப்பன்மார்தான்.

குழந்தையின்மைக்குக் காரணம் தேடும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் பக்கமும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு குப்பியில் முடிகிற, ஊசி குத்தாத பரிசோதனை ஆணுக்கு உரியது. ஆனாலும் நம் வீடுகளில் முதலில் ஸ்கேனுக்குப் போவது பெண். ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று மதுரையிலும், ‘இன்னும் ஒண்டும் இல்லையோ பிள்ளை?’ என்று யாழ்ப்பாணத்திலும் கேட்கப்படுவது அவளைத்தான். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலில், பிள்ளையில்லாத காளியை ஊர் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லும். அவன் மனைவி பொன்னாவை, வேறு ஆணோடு சேர வழக்கம் இடம் தரும் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்கு அனுப்பவும் யோசிக்கும். முதல் யோசனை குறை பெண்ணிடம் என்கிறது. இரண்டாவது, ஆணிடமும் இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஒத்துக்கொள்கிறது. ஊருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் காரணங்கள் பல, தீர்வுகளும் பல. பலருக்கு இடது விரையைச் சுற்றிச் சிரைகள் புடைத்திருக்கும். அந்தப் பக்கச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் போய் முட்டுவதால் ரத்தம் தேங்குகிறது. ஆனால் விசாரணையின் அழகு முழுதும் வெளிப்படுவது எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும்போதுதான். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அப்படி. உற்பத்தி இல்லையா, அல்லது உற்பத்தியாகியும் வழி அடைத்திருக்கிறதா?

மருத்துவர் முதலில் எடுப்பது ஒரு மணிமாலை. ஒன்று முதல் இருபத்தைந்து மில்லிலிட்டர் வரை பன்னிரண்டு நீள்மணிகள் கோத்தது. சூரிச்சின் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1966 இல் வடிவமைத்தது. மருத்துவர்கள் விளையாட்டாக அதைச் செபமாலை என்பார்கள். ஒரு கையில் மணியையும் மறு கையில் நோயாளியின் விரையையும் பிடித்து அளவு பொருத்துவார். விரை சிறுத்து, எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் மூளை கத்திக் கத்திக் கேட்டும் விரையால் பதில் தர முடியவில்லை என்று பொருள். விரை நல்ல அளவு, எஃப்.எஸ்.எச். சரியாக இருந்தால் வழியில் அடைப்பு இருக்க வாய்ப்பு. அப்போது விந்தின் அளவைப் பார்ப்பார். மிகக் குறைவு, அமிலத்தன்மை, பழச்சர்க்கரையே இல்லை. விந்தில் பழச்சர்க்கரையைச் சேர்ப்பவை விந்துப்பைகள். அந்தச் சர்க்கரை வரவில்லையென்றால் அங்கிருந்து வரும் பாதை இல்லை. பிறகு விரல் நுனியால் விந்து நாளத்தைத் தேடுவார். இரண்டு பக்கமும் அது தட்டுப்படவில்லையென்றால் ஸ்கேனுக்கு முன்பே நோய் தெரிந்துவிட்டது. பிறவியிலேயே நாளம் இல்லை. அதற்குக் காரணமான மரபணு பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணுவேதான். எனவே அடுத்த ரத்தப் பரிசோதனை அவருடைய மனைவிக்கு. அவரிடமும் பழுதான ஒரு பிரதி இருந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம்.

உற்பத்தியே இல்லை என்றானால் குரோமோசோம்களை எண்ணுவார்கள். சில ஆண்களுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும். 1942 இல் ஹாரி க்ளைன்ஃபெல்டர் விவரித்த நிலை. காரணம் கூடுதல் எக்ஸ் என்று 1959 இல் எடின்பரோவில் பட்ரிசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் காட்டினார்கள். ஏறக்குறைய அறுநூறு ஆண்களில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்குத் தெரியாது. முப்பது வயதுக்கு மேல் குழந்தை இல்லை என்று போன இடத்தில் தெரிந்துகொள்பவர்கள் நிறைய. அவர்களிலும்கூட, நுண்ணோக்கியை வைத்து விரையின் நாளங்களை ஒவ்வொன்றாகத் தேடினால் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் எங்கோ ஒரு மூலையில் சில விந்தணுக்கள் கிடைக்கின்றன. 1999 இல் பீட்டர் ஷ்லெகல் விவரித்த அறுவை அது. சில போதும். ஏனென்றால் 1992 இல் பிரஸ்ஸல்ஸில் ஜான்பியெரோ பலெர்மோவின் குழு ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் நேராகச் செலுத்திப் பிள்ளைகள் பிறக்க வைத்துவிட்டது. இக்ஸி என்று நம் ஊர் மருத்துவமனைப் பலகைகளில் எல்லாம் எழுதியிருப்பது அதுதான். கோடிக்கணக்கில் ஓடித் தோற்கும் பந்தயம் ஒற்றை அணுவுக்கு நடத்தப்பட்டது.

இன்னும் சிலருக்கு ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். ஏ அல்லது பி முழுதாகப் போயிருந்தால் விரையைத் திறந்து தேடுவதில் பயனில்லை, கத்தியை எடுக்காமலே மருத்துவர் சொல்லிவிடுவார். சி பகுதி மட்டும் போயிருந்தால் தேடலாம், பலருக்குக் கிடைக்கும், பிள்ளையும் பிறக்கும். ஆனால் ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போவது. இயற்கையில் அந்தக் குறை அந்த ஆணோடு நின்றுபோயிருக்கும். இக்ஸி வந்த பிறகு அது அடுத்த தலைமுறைக்கும் போகிறது. பெண் குழந்தையானால் இல்லை, மகனானால் அவனுக்கும் அதே துண்டு காணாமல் போயிருக்கும். ஆகையால் ஊசிக்கு முன் ஒரு மரபணு ஆலோசகர் தம்பதியை உட்கார வைத்து, முப்பது ஆண்டு கழித்து உங்கள் மகனும் இதே மாதிரி ஒரு நாற்காலியில் வந்து உட்கார வேண்டியிருக்கும், அவனிடம் இதை எந்த வயதில் சொல்வீர்கள் என்று கேட்கிறார்.